புறா வலைக்குள் இரண்டு பூனைகள்

பள்ளிக்கூடப் பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பி வந்து வேனை வாசலில் நிறுத்தும்போதே, பக்கத்து வீட்டுப் புறாக்காரர் கேட்டுக்கு வெளியே நிற்பதை வேன்காரம்மா பார்த்துவிட்டாள். மனிதர் சும்மா நிற்கவில்லை. கையில் பழைய பேப்பரில் சுற்றிய ஒரு பொட்டலம் இருந்தது. அவள் இறங்கி வருவதற்குள் அதைப் பிரித்துக் காட்டினார். உள்ளே ஒரு புறா. வெள்ளை உடம்பு, கழுத்தில் மட்டும் சாம்பல் நிறம். தலை ஒரு பக்கமாகத் துவண்டு கிடந்தது.

"உங்க பெரிய பூனை," என்றார். குரல் கொஞ்சம்கூட ஏறவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. "என் கண்ணால பாத்தேன். மாடிச் சுவர் மேல கவ்விக்கிட்டுப் போச்சு. விரட்டினதும் போட்டுட்டு ஓடிடுச்சு."

"சார், நான் அத..."

"சண்டைக்கு வரலம்மா. இது மொத தடவையும் இல்ல. இனிமே உங்ககிட்ட வந்து சொல்லிக்கிட்டு நிக்க மாட்டேன். கறித்துண்டுல எலி மருந்து வெச்சு மாடியில போட்டுடுவேன். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது. அதுக்குத்தான் முன்னாடியே சொல்றேன்."

பேப்பரை மறுபடியும் பதமாக மடித்துக்கொண்டு அவர் தன் வீட்டுக்குள் போனார். குற்றவாளி அந்த நேரத்தில் வீட்டுச் சுவர்மேல் உட்கார்ந்து, ஒன்றும் தெரியாதவன்போல முன்னங்காலை நக்கிக்கொண்டிருந்தான்.

அந்தப் பூனைகளை அவள் ஆசைப்பட்டுத் தேடிப் போய்க் கொண்டுவரவில்லை. கணவன் நெஞ்சுவலியில் இறந்த வருஷம், கொல்லையில் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் ஒரு தாய்ப்பூனை குட்டி போட்டது. அவன் ஓட்டிக்கொண்டிருந்த வேனை அவள் ஓட்ட ஆரம்பித்ததும் அந்த வருஷம்தான். பெற்றோர்கள் வேறு வண்டி பார்ப்பதற்குள் ஓட்டப் பழகி, லைசென்ஸ் வாங்கி, கண் வீங்கிய முகத்தோடு ஸ்டியரிங்கைப் பிடித்தாள். ஒரு நாள் காலை வண்டி நிறையப் பிள்ளைகளோடு மெயின் ரோட்டில் திரும்பும்போது, அந்தத் தாய்ப்பூனை லாரியில் அடிபட்டு நடுரோட்டில் கிடந்தது. "எல்லாரும் அந்தப் பக்கம் பாருங்க, கிரேன் எவ்வளவு உயரமா நிக்குது பாருங்க," என்று பிள்ளைகளின் முகத்தைத் திருப்பிவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். வீட்டுக்கு வந்து தொட்டிக்கு அடியில் கையை விட்டுக் குட்டிகளை எடுத்தாள். தங்கியது இரண்டு.

ஆணுக்கு மேஸ்திரி என்று பெயர் வைத்தது அவளுடைய நாத்தனார். கட்டட வேலையை மேற்பார்வை பார்ப்பவன் மாதிரி தெருவின் எல்லாச் சுவர்களிலும் ஒரு நடை நடந்துவிட்டு வந்துதான் அவன் சாப்பிடுவான். பெண் வாயே திறக்காது. அதனால் ஊமை.

நாத்தனார் என்பவள் கணவனின் அக்கா. கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து பல வருஷத்துக்கு முன்பே திரும்பி வந்து தம்பி வீட்டோடு இருந்துவிட்டவள். தம்பி போன பிறகு, போ என்று இவளும் சொல்லவில்லை, போகிறேன் என்று அவளும் சொல்லவில்லை. இரண்டு பெண்களுக்கும் நேராகப் பேசிக்கொள்ள அதிகம் இல்லை. பேச வேண்டியது இருந்தால் பூனைகள் வழியாகத்தான் போய்ச் சேரும். "மேஸ்திரி, உங்கம்மாகிட்ட டீ ஆறுதுன்னு சொல்லு." "ஊமை, அத்தைக்குக் கால் வலின்னா தைலம் அலமாரியில இருக்குன்னு சொல்லு." வீடு அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

புறாக்காரர் சொன்னதைச் செய்கிற மனிதர் என்பது தெருவுக்கே தெரியும். பூனைகளைக் கொல்லையிலேயே வைத்துக்கொள்வதைத் தவிர வழியில்லை என்று வேன்காரம்மா முடிவு செய்தாள். வீட்டுக்குள்ளேயே அடைத்தால் மேஸ்திரி தலையால் கதவை முட்டியே செத்துவிடுவான். கொல்லை பெரியது. ஒரு கொய்யா மரம், துணி துவைக்கிற கல், வெயிலும் நிழலும் மாறி மாறி வரும் ஒரு மண்தரை. வேலி மட்டும் போட்டால் போதும்.

ஆனால் வீடு வாடகை வீடு. வீட்டு ஓனருக்குப் போன் செய்தாள்.

"என்ன வேணா பண்ணுங்க. சுவத்துல மட்டும் கை வைக்கக் கூடாது," என்றார் அவர். "ஆணி வேணாம், ஸ்க்ரூ வேணாம், டிரில் வேணவே வேணாம். இதுக்கு முன்னாடி இருந்தவங்க சுவத்த சல்லடையாக்கிட்டுப் போனாங்க. ஒரு ஓட்ட பாத்தேன்னா, நீங்க வேற வீடு பாத்துக்க வேண்டியதுதான்."

சுவரைத் தொடாமல் சுவருக்குமேல் வேலி. அவள் இரண்டு நாள் யோசித்தாள். பிறகு பெயின்ட் கடையில் காலி வாளிகளைக் கேட்டு வாங்கி வந்தாள். ஒவ்வொரு வாளியிலும் ஓர் இரும்புப் பைப்பை நிறுத்திச் சிமென்ட்டும் ஜல்லியும் குழைத்து ஊற்றினாள். பைப்பின் மேல்முனையை உள்பக்கமாக வளைத்துக் கொடுக்கும்படி வெல்டிங் கடையில் முன்பே சொல்லியிருந்தாள். பூனை ஏறினாலும் உச்சியில் வலை அதன் தலைக்குமேல் கூரைபோல நீட்டிக்கொண்டிருக்கும். அங்கே வலையை இழுத்துக் கட்டாமல் தொளதொளவென்று விட்டுவிட்டால் பிடிமானம் கிடைக்காது, பூனை இறங்கித்தான் ஆக வேண்டும். வலை வாங்கப் போன கடையில், "பால்கனிக்குப் போடற புறா வலைதானே?" என்று கேட்டார்கள்.

"புறா வலைதான். ஆனா பூனைக்கு."

கடைக்காரர் அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அளந்து கொடுத்தார்.

வாளித் தூண்களைச் சுவர் ஓரமாக வரிசையாக நிறுத்தி வலையைக் கட்டினாள். அடியில் தரையில் மடங்கிய வலைமேல் செங்கல் அடுக்கினாள். கொய்யா மரத்தில் ஏறிச் சுவருக்குத் தாவாமலிருக்க, அடிமரத்தைச் சுற்றி வழுக்குகிற பிளாஸ்டிக் தகட்டைச் சுற்றினாள். பக்கத்துச் சந்தில் மட்டும் ஆள் போய்வர ஒரு வலைக்கதவு. அதற்குக் கொக்கி. இத்தனையையும் நாத்தனார் அடுக்களை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வந்து ஒரு செங்கல்லைக்கூட எடுத்துக் கொடுக்கவில்லை.

"மேஸ்திரி, உனக்கு ஜெயில் கட்டியாச்சுடா," என்றாள் கடைசியில்.

வேன்காரம்மா இந்த முறை பூனை வழியாகப் போகவில்லை. "அண்ணி, வெளிய போனா செத்துடும். புறாக்காரர் மருந்து வெப்பேன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு."

"உள்ள இருந்தா மட்டும் வாழுமா?"

"பழகிடும்."

"ஆமா. பழகத்தான் செய்யும்," என்று சொல்லிவிட்டு நாத்தனார் ஜன்னலைச் சாத்தினாள்.

முதல் சில நாட்கள் கொடுமை. ஊமை மரத்தடியில் சுருண்டு படுத்துவிட்டது. மேஸ்திரி விடவில்லை. வலையில் ஏறுவதும், உச்சியில் தொங்குவதும், பொத்தென்று விழுவதும், மறுபடி ஏறுவதுமாக இருந்தான். பிறகு வலையோரமாக நடந்து நடந்து மண்ணில் ஒரு தடமே விழுந்துவிட்டது. அவன் எழுப்பிய ஓலத்தில் தெருவே எரிச்சலானது. வேன்காரம்மாவுக்கு ஸ்டியரிங் பிடிக்கும்போதெல்லாம் அந்தச் சத்தம் காதில் ரீங்கரித்தது. சிக்னலில் நிற்கும்போது, செங்கல் ஏதாவது நகர்ந்திருக்குமோ, கொக்கியை மாட்டினோமா என்று திரும்பத் திரும்ப யோசிப்பாள். பிறகு ஓலம் குறைந்தது. மேஸ்திரி பகலில் தூங்க ஆரம்பித்தான். அப்பாடா, பழகிவிட்டான் என்று அவள் நினைத்தாள்.

அப்போதுதான் புறாக்காரர் மறுபடியும் வந்தார். இந்தத் தடவை பொட்டலம் இல்லை. உள்ளங்கையில் கொஞ்சம் இறகு மட்டும்.

"வலை கட்டினது எனக்கு வேடிக்கை காட்டவா?"

"சார், சத்தியமா எங்க பூனை இல்ல. ரெண்டும் கொல்லையிலதான் இருக்கு. வந்து பாருங்க."

"உங்க பூனை இல்லன்னு நீங்க சொல்றீங்க."

"என் பிள்ளைங்க மேல சத்தியமா சொல்றேன்." அவளுக்குச் சொந்தப் பிள்ளை கிடையாது. வேனில் வருகிற பிள்ளைகளைத்தான் அப்படிச் சொன்னாள். அது அவருக்கும் தெரியும். "வேற ஏதாச்சும் பூனையா இருக்கும். எங்களுது வெளிய வரவே இல்ல."

பின்னால் அடுக்களையில் நாத்தனார் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. புறாக்காரர் வேன்காரம்மாவின் முகத்தைப் பார்த்தார். "சரி," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

நான்கைந்து நாள் கழித்து, பிள்ளைகளைத் திரும்ப ஏற்றப் புறப்படுவதற்குமுன் அவள் கொல்லைக்குப் போனாள். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் மேஸ்திரி கிடந்தான். வாயிலிருந்து நூல் நூலாக எச்சில் வழிந்தது. பின்னங்கால்கள் தனியாக உதறிக்கொண்டிருந்தன. தொட்டால் உடம்பு முழுக்க இரும்புபோல விறைத்து, மறுபடி தளர்ந்தது.

"அண்ணி," என்று அவள் கத்திய கத்தலில் நாத்தனார் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"எந்திரிங்க. துண்ட எடுங்க. வண்டியில ஏறுங்க."

பூனையைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு நாத்தனார் முன்சீட்டில் ஏறினாள். கால்நடை ஆஸ்பத்திரி ஊரின் அந்தக் கோடியில். பள்ளிக்கூடம் இந்தக் கோடியில். பள்ளி விடும் நேரமும் நெருங்கிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷத்தில் அவள் வேன் ஒரு நாளும் தாமதமாகப் போனதில்லை. பள்ளிக் காவலாளிக்குப் போன் போட்டு, "அண்ணே, வர லேட்டாகும், பிள்ளைங்கள கேட்டுக்கு உள்ளயே வெச்சிருங்க, யார்கூடவும் அனுப்பிடாதீங்க," என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினாள். கியர் ஒரு முறை மாறாமல் கிறீச்சிட்டது. நாத்தனார் துண்டுக்குள் இருந்த தலையைத் தடவிக்கொண்டே வந்தாள்.

டாக்டரம்மாவுக்கு மேஸ்திரியைத் தெரியும். அவனுக்குக் குடும்பக் கட்டுப்பாடு செய்ததே அவர்தான். மேசையில் கிடத்தி, வாயை முகர்ந்து, இமையை விரித்துப் பார்த்தார். "எலி மருந்து. எப்ப தின்னுச்சு?"

"தெரியல டாக்டர். இவன் வெளிய போறதே இல்ல. வலை போட்டிருக்கேன். எப்படி..."

"எப்பன்னு தெரிஞ்சாத்தான் வயித்தக் கழுவலாமா, இல்ல அந்தக் கட்டம் தாண்டிடுச்சான்னு முடிவு பண்ண முடியும். கடைசியா எப்ப வெளிய போச்சு?"

"வெளிய போகவே இல்ல டாக்டர்."

"காலையில," என்றாள் நாத்தனார்.

வேன்காரம்மா திரும்பி அவளைப் பார்த்தாள்.

"காலையில இவ வண்டிய எடுத்துட்டுப் போனதும் நான்தான் கொக்கியக் கழட்டி விட்டேன். தினமும் விடுவேன். இவ வர்றதுக்குள்ள திரும்பி வந்துடுவான். இன்னைக்கு வரல. இவளும் கொல்லப் பக்கம் எட்டிப் பாக்கல. அதனால கதவ அப்படியே விட்டுட்டேன். கொஞ்சம் முன்னாடி பாத்தப்ப கல்லுகிட்ட படுத்திருந்தான், தூங்கறான்னு நெனச்சேன்." அவள் டாக்டரைப் பார்த்தே சொன்னாள். வேன்காரம்மா பக்கம் திரும்பவே இல்லை. "அதுக்கு முன்னாடி பாத்தப்ப இல்ல. வந்து ஒரு மணி நேரம் இருக்கும். அதுக்கு மேல இருக்காது."

டாக்டர் அதற்குமேல் யாரையும் கேட்கவில்லை. உதவியாளரைக் கூப்பிட்டு, குழாயைக் கொண்டுவரச் சொன்னார். இவர்கள் இருவரையும் வெளியே போகச் சொன்னார்.

வராந்தாவில் ஒரு மர பெஞ்சு. வேன்காரம்மா உட்காரவில்லை.

"அந்த மனுஷன்கிட்ட சத்தியம் பண்ணினேன் அண்ணி. நீங்க உள்ள பாத்திரம் கழுவிக்கிட்டிருந்தீங்க."

"ஆமா."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்."

"அவர் உத்தியோகத்துக்குப் போகும்போது என்னை உள்ள வெச்சு வெளிய பூட்டிட்டுப் போவாரு," என்றாள் நாத்தனார். கட்டிக்கொண்டவனைத்தான் சொல்கிறாள் என்று வேன்காரம்மாவுக்குப் புரிந்தது. தன் கணவன் ஒரே ஒரு முறை, பாதி சொல்லி நிறுத்திய அக்காவின் கதை அது. "சாயந்திரம் வந்துதான் தொறப்பாரு. பழகிடும்னு எங்கம்மா சொன்னாங்க. நீயும் அதையேதான் சொன்ன. இந்தப் பய வலைகிட்ட நின்னு கத்தும்போது என்னால முடியலம்மா. வேற ஒண்ணும் இல்ல."

வேன்காரம்மா மன்னிக்கவில்லை. "ஊமை எங்க?" என்று கேட்டாள். நாத்தனார் பெஞ்சிலிருந்து எழுந்தாள். கதவு காலையிலிருந்து திறந்தே கிடந்திருக்கிறது.

மேஸ்திரியை டாக்டரிடம் விட்டுவிட்டு வண்டியை எடுத்தாள். ஆனால் வீட்டுக்குப் போக முடியாது. பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். நாத்தனாரைத் தெருமுனையில் இறக்கிவிட்டு, "புறாக்காரர் வீட்டுக்கு நேரா போங்க. நடந்தத அப்படியே சொல்லுங்க. மருந்த எடுக்கச் சொல்லுங்க," என்றாள். "நீங்கதான் சொல்லணும்."

பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் பைகளின்மேல் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு குழந்தை அழுது ஓய்ந்திருந்தது. அதை வீட்டில் இறக்கிவிடும்போது அந்தக் குழந்தையின் அப்பா வாசலிலேயே நின்று, "உங்களை நம்பித்தானே அனுப்பறோம்," என்றார். அவள் தலையைக் குனிந்து, "என் தப்புதான் சார்," என்றாள். பூனையைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. மறுநாளிலிருந்து அந்தக் குழந்தை வேறு வேனில் போனது.

அவள் வீட்டுக்கு வந்தபோது வெயில் இறங்கியிருந்தது. புறாக்காரர் தன் மாடியில் முட்டி போட்டு, புறாக்கூண்டுக்கு அடியில் டார்ச் அடித்துத் தேடிக்கொண்டிருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. கீழே சந்தில் நாத்தனார் ஒவ்வொரு வண்டிக்கு அடியிலும் குனிந்து, ஊமை, ஊமை என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். கூப்பிட்டால் பதில் சொல்கிற பூனையா அது?

"மூணு எடத்துல வெச்சேன்," என்றார் புறாக்காரர் மேலிருந்து. "ரெண்டுதான் இருக்கு. ஒண்ணக் காணோம்."

அந்த ஒன்றை மேஸ்திரி தின்றிருக்கலாம். ஊமையும் தின்றிருக்கலாம். பாதிப் பாதியாக இருவரும் தின்றிருக்கலாம். வேன்காரம்மா பக்கத்துக் காலி மனையில் இறங்கிப் புதரை விலக்கினாள். சாக்கடை மூடிகளுக்குள் எட்டிப் பார்த்தாள். அடிபட்டுக் கிடந்த அந்தத் தாய்ப்பூனை கண்ணுக்குள் வந்து வந்து போனது. புறாக்காரரும் இறங்கி வந்து தெருவின் மறுபக்கம் தேடினார்.

வெளிச்சம் போகும் நேரத்தில் தண்ணீர் குடிக்க வீட்டுக்குள் போனவள், படுக்கையறைப் பரணில் பழைய சூட்கேஸ்களுக்கு நடுவே ஒரு வால் தொங்குவதைப் பார்த்தாள். ஸ்டூலைப் போட்டு ஏறினாள். ஊமை கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது. வாயை விரித்து முகர்ந்தாள். வயிற்றை அமுக்கினாள். ஒன்றுமில்லை. வலைக்கதவு திறந்து கிடந்தும் அது வெளியே போகாமல், வீட்டுக்குள் வந்து படுத்திருக்கிறது. ஸ்டூலின் மேலேயே நின்றுகொண்டு அவள் அழுதாள். கணவன் போன பிறகு இப்படி அழுதது அன்றுதான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, "கெடச்சிடுச்சு சார், உள்ளதான் இருந்திருக்கு," என்றாள்.

புறாக்காரர் பையின் வாயை இறுக்கிக் கட்டினார். "நான் சொல்லிட்டுத்தான் வெச்சேன்," என்றார். அதில் முன்பிருந்த உறுதி இல்லை.

"சொன்னீங்க. நானும் சத்தியம் பண்ணினேன். அது பொய்யாப் போச்சு. எனக்குத் தெரியாது, ஆனா பொய்தான். அதுக்கு நான் மன்னிப்புக் கேக்கறேன். மருந்து வெச்சதுக்கு நீங்க என்ன சொல்லுவீங்கன்னு எனக்குத் தெரியல."

அவர் பையைக் கை மாற்றிக்கொண்டார். பிறகு, "பூனை பொழைச்சிடுமா?" என்று கேட்டார்.

மேஸ்திரி பிழைத்தான். ஆனால் சுலபமாக இல்லை. நாலு நாள் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறியது. வீட்டுக்கு வந்த பிறகும் பின்னங்கால் ஒன்று சரியாக ஊன்றவில்லை. அவன் தேறிக்கொண்டிருந்த நாட்களில்தான் வீட்டு ஓனர் வந்தார். வலை விஷயம் யார் சொல்லியோ காதுக்குப் போயிருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு சுவரை ஓர் ஓரத்திலிருந்து இன்னோர் ஓரம் வரை விரலால் தடவிக்கொண்டே போனார். வேன்காரம்மா பின்னாலேயே நடந்தாள். ஓட்டை இல்லை. கீறல்கூட இல்லை. ஒரு வாளியைக் காலால் தள்ளிப் பார்த்தார். அது அசையவில்லை.

"ஓட்ட போடலதான்," என்று வேண்டாவெறுப்பாக ஒத்துக்கொண்டார். "ஆனா தெருவுல இருந்து பாத்தா ஏதோ ஆட்டுப்பட்டி மாதிரி இருக்கு."

"தெருவுக்குத் தெரியற பக்கத்த உள்ள தள்ளிக் கட்டிடறேன் சார். பின்பக்கம் அப்படியே இருக்கட்டும்."

"ஒரு வருஷம். அப்புறம் பாப்போம்," என்றார். அந்த வருஷத்துக்குப் பிறகு என்ன ஆகும் என்று அவள் கேட்கவில்லை.

கொக்கியின் இடத்தில் பூட்டு போடலாமா என்று வேன்காரம்மா ஒரு கணம் யோசித்தாள். போடவில்லை. பூட்டு வாங்கி வந்தால் அது பூனைக்கு மட்டும் போட்ட பூட்டாக இருக்காது. பதிலாக ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாத்தனாரைக் கூப்பிட்டு, "கத்தாம இருக்கணும்னா அவனுக்கு உள்ள என்ன வேணும் அண்ணி? உங்களுக்குத்தான் தெரியும்," என்றாள்.

நாத்தனார் கொல்லை நடுவில் நின்று நெடுநேரம் பார்த்தாள். "உயரம் வேணும்," என்றாள். "எல்லாத்தையும் பாக்கற மாதிரி ஒரு எடம். கீழயே கெடந்தா மூச்சு முட்டும்."

பலகைக்கு எங்கே போவது என்று பேசிக்கொண்டிருந்தது சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். மறுநாள் பிரித்துப்போட்ட பழைய புறாக்கூண்டின் பலகைகள் வாசலில் சாத்தி வைக்கப்பட்டிருந்தன. வைத்துவிட்டுப் போனவர் மணி அடிக்கவில்லை. இரண்டு பெண்களும் சேர்ந்து அவற்றை அறுத்து, கால் வைத்து, நொண்டிக் காலுக்குத் தோதாகத் தாழ்ந்த படிகளோடு ஒரு மேடை செய்தார்கள். வலையிலிருந்து எட்டி, கொல்லையின் நடுவில் வைத்தார்கள். நாத்தனார் அடித்த ஆணிகளில் பாதி வளைந்துபோயின. வேன்காரம்மா அவற்றைப் பிடுங்கிக் கொடுக்க, அவள் தட்டி நிமிர்த்தி மறுபடி அடித்தாள்.

வலையில் எங்கேயாவது தொய்வு விழுந்தால் முதலில் கண்ணில் படுவது புறாக்காரருக்குத்தான். மாடியிலிருந்தே, "அந்த மூலையில செங்கல் நகர்ந்திருக்கு பாருங்கம்மா," என்பார். மேஸ்திரி இப்போதெல்லாம் காலை இழுத்து இழுத்து மேடையின் உச்சிக்கு ஏறி உட்கார்ந்துகொள்கிறான். சாயங்காலம் புறாக்கள் கூட்டமாகக் கிளம்பிச் சுற்றும்போது அவன் தலையும் கூடவே சுற்றும். தாடை கிடுகிடுவென்று ஆடும். நாத்தனார் காய் நறுக்கிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள்.

"பாத்துக்கடா," என்பார் புறாக்காரர் மேலிருந்து. "பாக்கறதுக்கு ஒண்ணும் தடை இல்ல."